போத்தல் கழுத்து

யன்னல் கட்டையில் ஒரு பியர் போத்தலின் கழுத்து இருக்கிறது. பச்சைக் கண்ணாடி. உடைந்த வாயைக் கல்லில் உரசி மழுக்கியது. இவருடைய சுண்டுவிரலுக்கு அளவு. என் விரலில் நிற்காது.

இவர் என்றால் என் மனுசன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை, கலியாண வீடுகளில் கிற்றார். வெள்ளைக்காரனின் கடற்படை போனபிறகு வேலை குறைந்தது. இருந்த வேலையிலும் கப்பல் கயிறு இடக்கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. பிறகு கப்பல் கட்டுகிற ஜெட்டியில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். சரக்குக் கப்பலில் வந்த ஒரு கறுப்பு அமெரிக்கன் அதைப் பார்த்துப் போத்தலை உடைத்துக் கொடுத்தான். விரலில் மாட்டிக் கம்பியில் இழுக்கக் காட்டினான். அது புளூஸ் என்றானாம். பருத்தித் தோட்டத்தில் அடிமையாய்க் கிடந்த சனத்தின் பிள்ளைகள் பாடியது, மறியலில், சிறைக்குள், இருந்தவனும் பாடியது, றேடியோவில் இப்போது துள்ளுகிற இங்கிலீசுப் பாட்டெல்லாம் அதற்குப் பிறந்ததுதான் என்றானாம். இவர் வந்து சொன்னார்: "மூட்டை தூக்கிறவன்ர பாட்டாம். எனக்கு ஏலும்."

ஏலும்தான். ஆனால் அந்தக் கைக்குக் கலியாண வீட்டில் சனம் ஆடுகிற பைலாப் பாட்டு வராது. உப்புவெளியில் ஒரு சம்மாட்டியார், வள்ளமும் வலையும் வைத்திருந்தவர், மகளின் கலியாணத்துக்குக் கூப்பிட்டார். வீட்டில் அரிசி இல்லை. போனோம். இவர் வாசிக்க, ஆட வந்த சனம் அப்படியே நின்றது.

"என்ன தம்பி, கலியாண வீட்டில செத்தவீட்டுப் பாட்டு?" என்றார் சம்மாட்டியார்.

"போன விரலுக்கு அழுகிறார்போல" என்றது பின்னால் ஒரு குரல். சிரித்தார்கள். இரண்டு சோற்றுப் பார்சலோடு பின்வாசலால் அனுப்பினார்கள். அடுத்த கிழமை இவர் கிற்றாரை விற்றார்.

அடுத்த மாரியில் சம்மாட்டியார் எங்கள் படலையில் வந்து நின்றார். மகள் பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள். பிள்ளையும் இல்லை.

"அழுகை வருகுதில்லை, தம்பி. அண்டைக்கு வாசிச்சதை ஒருக்கா வாசியுங்கோ."

"கிற்றார் இல்லை, ஐயா. அரிசியாய்ப் போச்சு."

அவர் போகவில்லை. மழைக்குள் நின்றார். இவர் போத்தல் கழுத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து, அதன் கைப்பிடியில் கண்ணாடியை இழுத்து இழுத்து முனகினார். சொல் இல்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். சம்மாட்டியார் நிலத்தில் விழுந்து மாடு மாதிரிக் கத்தினார்.

அதற்குப் பிறகு இவரைக் கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. செத்தவீட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனார்.

இவர் செத்துப்போன அன்றைக்கு எனக்கும் அழுகை வரவில்லை. முனக ஆள் இல்லை. இன்றைக்கும் அந்தக் கழுத்தை எடுத்துக் கதிரையில் இழுத்துப் பார்த்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்ப யன்னலில் வைத்துவிட்டேன்.