போட்டி நடக்கவில்லை என்று ஒரு வரி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மெயிலை என் நாத்தனார் மூன்று முறை படித்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்தாள்.

"இன்னா அண்ணி இது, அந்த மேட்சே நடக்கலன்னு போட்டுக்கீறாங்க?"

ஹைவே ஓரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் கபடி கோச் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இவள் எங்கள் குப்பத்துப் பெண்கள் டீமின் கேப்டன். மாவட்ட அளவில் இறுதிப் போட்டியில் ஜெயித்த சான்றிதழை வைத்து விண்ணப்பித்திருந்தாள். அதற்கு வந்த பதில்: நீங்கள் குறிப்பிட்ட போட்டி நடக்கவில்லை என்று எங்கள் ஏஐ உதவியாளர் சரிபார்த்ததில் தெரிகிறது, எனவே விண்ணப்பத்தை ஏற்க இயலாது. கள்ளச் சான்றிதழ் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் போட்டியை மண்ணில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கடைசி ரெய்டில் இவள் நடுக்கோட்டைத் தொட்டு விழுந்தபோது தொண்டை கட்டும்வரை கத்தினேன். இரண்டு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் பேச்சே வராமல் டைப் அடித்துச் சமாளித்தேன். அது நடக்கவே இல்லையாம்.

மெயிலின் அடியில், விவரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அது எங்கள் கம்பெனியின் டூல்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் போட்டிகளின் விவரங்களைத் தேடித் தரும் டூல் ஒன்றை எங்கள் கம்பெனி நடத்துகிறது. தேடுவது மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜெண்டுகள். யாராவது அவற்றிடம் கேள்வி கேட்டால் அவை எங்கள் டூலிடம் வந்து கேட்கும். எப்படிக் கேட்க வேண்டும், வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விளக்கி எழுதுவது நான். குப்பத்து வீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு அவை அப்படியே நடக்கும். கீழ்ப்படிதலில் அவற்றை மிஞ்ச ஆள் கிடையாது.

உடனே உட்கார்ந்து நானே தேடிப் பார்த்தேன். டீம் பெயரும் சான்றிதழில் இருந்த தேதியும் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தேதியை எடுத்துவிட்டு டீம் பெயரை மட்டும் கொடுத்தேன். வந்துவிட்டது. இறுதிப் போட்டி, ஜெயித்த டீம், இவள் எடுத்த புள்ளிகள் எல்லாம் இருந்தன. தேதி மட்டும் மூன்று நாள் தள்ளி இருந்தது.

அது ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு ஊர் ஊராக முறை வைத்துத்தான் போவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்துவிட்டால் ஆண்கள் தண்ணீரில் இருப்பார்கள், பெண்கள் கரையில் இறால் பிரித்து விற்றுக்கொண்டிருப்பார்கள். கபடி ஆட ஒரு ஆள் கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பாடு விழுந்தது. போட்டியைப் புதன்கிழமைக்குத் தள்ளினார்கள். ஆனால் சான்றிதழை ஞாயிறு என்று போட்டு முன்னாலேயே அச்சடித்தாகிவிட்டது. கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை, வாங்கியவர்களும் கவனிக்கவில்லை. கல்யாணத்தையே பாடு பார்த்துத் தள்ளுகிற ஊரில் ஒரு தேதியை யார் உற்றுப் பார்க்கிறார்கள்.

இதில் தப்பு எங்கே என்று தேடிப் போனால் அது என் பக்கத்தில்தான் நிற்கிறது. விவரம் கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்ற இடத்தில் நான் முதலில் எழுதியது இது: "எங்களிடம் தகவல் இல்லை என்று சொல்லவும். தேதியை விட்டுவிட்டு மறுபடி தேடிப் பார்க்கவும்." என் ஆபீஸ் டீம் லீட் அதை அடித்துவிட்டார். இரண்டு முறை தேடினால் செலவு, வழவழ பதில் யாருக்கும் பிடிக்காது என்றார். "அந்தப் போட்டி நடக்கவில்லை என்று சொல்லவும்" என்று மாற்றச் சொன்னார். நான் மாற்றினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாய் கிழியப் பேசுகிறவள் என்று புகுந்த வீட்டில் எனக்குப் பெயர்.

தேடி எடுத்த விவரத்தோடு பள்ளிக்குப் போன் செய்தேன். பள்ளி ஆபீஸ் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஸ்டம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க மேடம். அந்தப் போஸ்ட்டுக்கு வேற ஆள் எடுத்தாச்சு" என்று வைத்துவிட்டார். அடுத்து லீடுக்கு எழுதினேன். நடந்தது அத்தனையும் எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: டூல் டாக்குமெண்டில் இருக்கிறபடிதான் நடந்திருக்கிறது, பிழை எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் பிழை இல்லையாம். லேப்டாப்பைத் தூக்கி ஏரியில் போடலாமா என்று வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. அந்த டாக்குமெண்டை எழுதியவள் நான்.

அன்று சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்போ நான் ஆடலன்னு அதுக்கு சொல்லிக் குடுத்தது நீதானா அண்ணி?"

லீட் சொன்னார், நான் மாற்றினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மிச்சமிருந்த மீனையும் கழுவி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "எனுக்கு போனது போவட்டும். நாளிக்கு வேற எவளோ ஒருத்தி வேல கேப்பா. அவளையும் ஆடலன்னு சொல்லிடப் போவுது. போய் அத மாத்து."

யாரையும் கேட்காமல் மாற்றினேன். புது வரி: "எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லவும், போட்டி நடக்கவில்லை என்று ஒருபோதும் சொல்லக் கூடாது." மறுநாள் காலை திறந்து பார்த்தால் பழைய வரியே இருந்தது, கூடவே என்னிடம் விளக்கம் கேட்டு லீடின் மெயில். விளக்கத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று வரியை மறுபடியும் மாற்றினேன்.