கரோலின் சின்னப் பால்பெட்டி

மூலைக்கடைக் கல்லாவில் நிற்கிறவனுக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன பால் குடிக்கிறார்கள் என்பது தெரியும், அவனுடைய பெயர்தான் தெருவில் யாருக்கும் தெரியாது. கால் வீங்க நின்று உழைத்தவர் என்றால் நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள். இரண்டாயிரங்களின் நடுவில் நான் கனடாவின் மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் ஒரு டெப்பனரில் நின்றேன். மூலைக்கடைக்கு அங்கே அதுதான் பெயர். அடுக்கில் ஒரு டின் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் வாய் திறக்கக் கூச்சம்.

பெரிசும் சின்னதும்

கரோல் அமெரிக்காவில் ஒகையோவிலிருந்து வந்தவர். ஐம்பதை நெருங்கிய தனியாள், பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை. முதல்நாள் குளிர்பெட்டியைத் திறந்து, தன் ஊரில் காணாதபடி பொலித்தீன் பைகளில் கிடந்த பாலைப் பார்த்துத் திகைத்தார். கடைசியில் ஆகச் சின்னப் பெட்டிப் பால் ஒன்றை எடுத்துவந்தார். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அதே சின்னப் பெட்டிதான்.

கணக்குப் பிழைத்தால் எனக்குத் தாங்காது. ஒருநாள் துணிந்து, பெரிய பை வாங்கினால் லாபம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கரோல் சிரித்தார். "தெரியும். பெரிசு வாங்கினால் நாளைக்கு நான் யாரோடு கதைக்கிறது?"

எவடம்?

இலங்கைத் தமிழரான எங்களைப் பார்த்து எந்த நாடு என்று எல்லாரும் கேட்பார்கள். வெள்ளைக்காரியான கரோலிடம் யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்க்காரி என்று நினைத்துப் பிரெஞ்சில் கதைப்பார்கள், அவர் விழிப்பார். கேட்ட முதல் ஆள், ஒருநாள் கடைக்கு வந்த பிலோமினா. மன்னார்க்காரி, எங்கள் தேவாலயத்தில் சமையல் என்றால் முன்னுக்கு நிற்பவர்.

"அமெரிக்காவிலே எவடம்?"

"ஒகையோ."

"ஒகையோவிலே எவடம்?"

இரண்டு பேர் சந்தித்தால், தோண்டித் தோண்டி ஒரு சொந்தத்தை வெளியே எடுக்கும்வரை நாங்கள் விடமாட்டோமே. பள்ளியில் ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது, இன்னும் இருக்கச் சொல்கிறார்கள், ஆட்களில்லாத ஊரில் இருந்து என்ன செய்வது என்று யோசிப்பதாகக் கரோல் சொன்னார். இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூயிங்கம் பக்கெட்டுகளைத் திரும்பவும் அடுக்கினேன். பிலோமினா இதற்குள் சொந்தம் கண்டுபிடித்துவிட்டார். "என்ர மச்சாளின்ர மகளும் ஒகையோவிலேதான் கலியாணம் கட்டினவள். அப்ப ஆக்களில்லை எண்டு என்னெண்டு சொல்லுவீங்கள், பிள்ளை?"

வான்கோழி

அமெரிக்கர்களின் நன்றித் திருநாள் நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கனடாவில் அது ஒக்டோபரிலேயே முடிந்துவிடும். கரோல் அந்த விருந்துக்கு வழக்கமான வான்கோழி ஒன்றை எங்கள் கடை மூலம் எடுப்பித்து, கூட வேலை செய்பவர்களை அழைத்திருந்தார். அன்று வேலைநாள் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். செவ்வாய்க்கிழமை அந்த உறைந்த பறவையைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு வந்து, திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டார்.

விற்ற இறைச்சியைத் திருப்பி எடுப்பதில்லை. அந்த அறிவித்தலைச் சுவரில் ஒட்டியவனே நான்தான். பிலோமினாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். வியாழன் மாலை தேவாலயத்தில் செபக்கூட்டம், முடிந்ததும் சாப்பாடு. "கொண்டு வாங்கோ அண்ணை, அவவையும் சேர்த்து" என்றார்.

வியாழன் தேவாலயச் சமையலறையில் கரோல் சட்டியைத் திறந்து வான்கோழியைத் தேடினார். அது துண்டு துண்டாக, வறுத்த கறித்தூளோடு கறியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டில் முழுசாக மேசையில் வைத்துத்தான் வெட்டுவார்கள் என்றார். பிலோமினா அகப்பையில் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். "முழுசா வைச்சா உறைப்பு எலும்புவரைக்கும் எப்பிடிப் போகும், பிள்ளை?"

என் முறை

சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லவேண்டுமாம், கரோல் வீட்டு வழக்கம். ஒருவர் தன் முழங்கால் சுகமானதைச் சொன்னார், ஒருவர் மகனுக்கு விசா கிடைத்ததை. என் முறை வந்தது. கூட்டத்தில் நான் வாய் திறந்தவனில்லை. எல்லார் சாப்பாட்டுக் கோப்பையிலும் கறி ஆறிக்கொண்டிருந்தது. "கரோல் இனியும் பால் வாங்க வரவேணும்" என்றேன். பின்னாலிருந்து பிலோமினா, "அண்ணை, அது நன்றியில்லை, விண்ணப்பம்!" என்றார்.

மறுநாள் கரோல் வந்து, பெரிய பைப் பாலைக் கல்லாவில் வைத்தார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பெரிசு வாங்கினால் என்ன பொருள் என்று அவரே சொல்லித் தந்திருக்கிறாரே. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் இருக்கிறதாகப் பள்ளியில் ஓம் சொல்லிவிட்டேன். இனி இங்கே வர எனக்குப் பால் தேவையில்லைத்தானே?"

கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள், ஆனால் ஒன்றுமே வாங்காமல் நாள்தோறும் கல்லாவை மறைத்துக்கொண்டு நின்ற அப்படியொரு நல்ல வாடிக்கையாளர் எனக்கு அதன்பிறகு வாய்க்கவில்லை.