மார்கழியில் மூச்சுக்கு ஊர் தேடிய நான்கு நாட்கள்

திண்டுக்கல் பக்கம் மார்கழியில் போகலாமா, குளிருமா, ஸ்வெட்டர் எடுத்துப் போக வேண்டுமா என்று இந்த வலைப்பதிவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு 1963 மார்கழியில் நான்கு நாள் அந்த வட்டாரத்தில் நாயாய் அலைந்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொடைக்கானலில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். மூன்று வருடமாக மழை முடிந்து பனி தொடங்கினால் போதும், எனக்கு இழுப்பு வந்துவிடும். படுத்தால் மூச்சு வராது, தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே தூங்குவேன். இன்னொரு குளிர்காலத்தை மலையில் கழித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாற்றல் கேட்டேன். கீழே இரண்டு பள்ளிகளில்தான் இடம் காலி என்றார்கள். பழனிக்கு அந்தப் பக்கம் தொப்பம்பட்டி ஒன்று, திண்டுக்கல்லை ஒட்டிய சின்னாளபட்டி ஒன்று. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திண்டுக்கல் அலுவலகத்தில் ஊரை எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் மாற்ற முடியாது. போகிற ஊரிலும் இழுப்பு தொடர்ந்தால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

சிக்கல் அதோடு முடியவில்லை. என் வீட்டுக்காரர் தையல்காரர். சாதாரணத் தையல்காரர் இல்லை, கம்பளிக் கோட்டு தைப்பவர். பங்களாக்காரர்கள் தேடி வந்து அளவு கொடுப்பார்கள். சட்டை தைக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். ஆக, எனக்குக் குளிர் இல்லாத ஊர் வேண்டும், அவருக்குக் குளிர் இருக்கிற ஊர் வேண்டும். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ். தலைக்கு மூன்று ரூபாய் இருபது நயா பைசா. வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் சுமார் அறுபது மைல், பதினொன்றரைக்கு இறக்கிவிட்டார்கள். மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி, அவருக்குத் தூக்கம். வத்தலக்குண்டு தாண்டி வெயில் முகத்தில் அடித்ததும் இங்கேயே இறங்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று ரூபாய்க்கு அறை எடுத்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு அவரை இழுத்துக்கொண்டு அதே ஊரின் பேகம்பூர்ப் பக்கம் நடந்தேன். அங்கே அவருக்குப் பழக்கமான ஒரு பாய் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மணி இரண்டு, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பாயோ மெல்லிய ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். இம்மாதிரிக் குளிரைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய வெந்நீர் இல்லாமல் முடியவில்லை என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. எனக்கு மலையில் உட்கார்ந்தே தூங்கிய ராத்திரிகள் ஞாபகம் வந்தன.

இந்த ஊரில் கோட்டு போடுவார்களா என்று இவர் ஆசையாகக் கேட்டார்.

"கோட்டு எதுக்குண்ணே? காதையும் உச்சந்தலையையும் மூடிட்டா அப்புறம் பனி எங்கிட்டு எறங்கும்?"

அன்று மாலை டீக்கடையிலும் பூக்கடையிலும் அறைக்காரரிடமும் விசாரித்தேன். எல்லாரும் குளிர் தாங்கவில்லை என்றுதான் சொன்னார்கள், சொன்ன எல்லாரும் தலையில் ஒரு துண்டோடு சரி. பத்து மாதம் வெயிலைத் திட்டிய வாய்க்கு இரண்டு மாதம் வேறு ஒன்று கிடைத்திருக்கிறது, விடுவார்களா? அதை அவர்கள் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவர்கள் சொல்வதை வைத்து நான் எந்த ஊரை எழுதுவது?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒட்டன்சத்திரம் பஸ். இருபது மைல், தொண்ணூறு நயா பைசா. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. காய்கறிச் சந்தைக்கு வெளியே கேரளத்துக்குப் போகும் லாரிகள் நின்றன. வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்த ஒரு லாரிப் பக்கம் டிரைவர் உடம்பு முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தார். இவர் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"மலை ஏறுறப்ப ஸ்டேரிங்கில வெரலு மடங்க மாட்டேங்குதுங்க. கோட்டு தைப்பீங்கன்னா எனக்கொண்ணு தைச்சுக் குடுங்க," என்றார் அந்த டிரைவர்.

அளவுநாடா இவர் துணிப்பையில் எப்போதும் இருக்கும். நின்ற இடத்திலேயே மார்பு, தோள், கை என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் மூன்று டிரைவர்கள் வந்தார்கள். அரை மணி நேரத்தில் நான்கு கோட்டு. கல்யாணத்தன்று கூட அவர் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. தொப்பம்பட்டியை எழுதினால் நான் அங்கே பள்ளிக்கூடம் போகலாம், அவர் ஒட்டன்சத்திரத்தில் கடை போடலாம் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். நானும் தலையாட்டினேன். அந்தக் காலை வெயிலில் மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

பழனி போய் அங்கிருந்து ஒன்பது மைல். தொப்பம்பட்டியில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். பள்ளித் தலைமையாசிரியர் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். அவர் மனைவி நிலத்தைக் கவனிப்பவர், ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் கொண்டைக்கடலை போட்டிருந்தார்கள். குளிரைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு ஒரே குஷி. அவர்கள் ஊர்ப் பனி மாதிரி சுற்று வட்டாரத்தில் எங்கும் கிடையாதாம். பொழுது விடியும் முன்னே காட்டைக் காட்டுவதாகச் சொன்னார். நானும் அதற்குத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு நானும் அந்த அம்மாளும் போனோம். காடு முழுக்க வெள்ளை. செடி ஒவ்வொன்றிலும் பனி கோத்துக் கிடந்தது, வரப்பில் நடந்ததில் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

"மழை எப்பவோ நின்னு போச்சுங்க டீச்சர். இந்தப் பனியைக் குடிச்சுத்தானுங்க கடலை வெளையுது. எங்களுக்கு இது சாமிங்க," என்றார் அந்த அம்மாள்.

எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. நெஞ்சில் விசில் அடிக்கத் தொடங்கி, வரப்பிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் பயந்து இவரைக் கூப்பிட்டு வந்தார். இவர் என் முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். எட்டரைக்குத்தான் எனக்கு இழுப்பு அடங்கியது. நான்கு டிரைவர்களின் அளவும் எழுதிய நோட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. மூச்சு என்னுடையது, நான் என்ன வேண்டுமென்றா இழுக்கிறேன்?

திரும்பவும் பழனி, திரும்பவும் திண்டுக்கல், அங்கிருந்து மதுரைச் சாலையில் ஏழு மைல். சின்னாளபட்டிக்கு முப்பது நயா பைசா. மாலை நான்கு மணிக்கு இறங்கினோம். அங்கேயும் பனி இதே மாதிரி என்றால் என்ன செய்வது என்பதுதான் பாதை நெடுக என் மனதில் ஓடியது. பள்ளிக்குப் பக்கத்தில் மேட்டுத் தெருவில் பாக்கியம் என்ற நெசவுக்கார அக்கா ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு வாசலில் போய் நின்றேன். குளிர்ந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராமல் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஆறு மணிக்கு இவர் ஊரைச் சுற்றிப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏழு மணிக்குப் பாக்கியம் அக்கா வீட்டார் தறிக்குப் போக வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். கஞ்சி போடுமுன் அக்கா நூலை எடுத்துத் தன் கன்னத்தில் ஒத்திப் பார்த்தார். ஈரம் இருந்தால் விரலுக்குத் தெரியாதாம், கன்னத்துக்குத் தெரிந்துவிடுமாம்.

"பனி எறங்குன நூலுல கஞ்சி காயாது டீச்சர், பூராம் ஒட்டிக்கிரும். கம்மாக்கரைத் தெருவுல பாவு விரிக்க ஒம்போது மணி ஆகும். நாங்க பாறை மேல இருக்கோம், ஏழு மணிக்கே விரிச்சிருவோம்," என்றார்.

மூன்று நாளாக நான் தேடிய பதில் அதுதான். குளிரைத் திட்டுகிறவரிடமும் கொண்டாடுகிறவரிடமும் கேட்டுப் பயனில்லை. பனி எத்தனை மணிக்குப் போகும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிழைப்பு இந்த நெசவுக்காரர்களுக்கு. நூல் தூசு என்னைப் பாதிக்குமோ என்ற பயம் மட்டும் இருந்தது. கஞ்சி போட்ட நூலில் தூசு எங்கே பறக்கிறது என்று அக்கா சிரித்தார். அவரிடமே தையல் வேலைக்கு ஆள் வருமா என்றும் கேட்டேன். இங்கே ஆண்கள் சட்டையே போடுவதில்லை, தறிக்குழியில் இறங்கினால் இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான் என்றார்.

எட்டரைக்கு இவர் திரும்பி வந்தார். இழுப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப இந்த ஊரையே எழுது. இங்கயும் கோட்டுக்கு ஆள் இருக்கு. ரெண்டு பேரு அளவு குடுத்திருக்காக," என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் துணிப்பை அறையில் என் எதிரில் கிடந்தது. அளவுநாடா அதற்குள் சுருண்டு கிடந்தது. பொய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவர் மனம் மாறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பாக்கியம் அக்கா மகளிடம் காகிதமும் பேனாவும் வாங்கினேன். பத்து மணி பஸ்ஸில் திண்டுக்கல் போய்ப் பதினொன்றரைக்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஐந்து மணி வரை எனக்கு நேரம் இருந்தது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் சொன்ன நேரமும் கட்டணமும் அந்தக் காலத்தவை, அவற்றை நம்பிப் புறப்படாதீர்கள். சமவெளியில் ஸ்வெட்டர் வேண்டாம், காதை மூட ஒரு மப்ளர் போதும், இந்த விஷயத்தில் பாய் சொன்னதுதான் சரி. மூச்சுக்கோளாறு உள்ளவர்களோடு போகிறீர்கள் என்றால் கண்மாய்க்கும் வயலுக்கும் பக்கத்தில் தங்காதீர்கள், மேட்டில் இடம் பாருங்கள். பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளூர்க்காரர்களிடம் குளிருமா என்று கேட்காதீர்கள், பனியால் வேலை கெடுகிறவர் யார் என்று தேடிப் பிடித்து அவரிடம் கேளுங்கள்.

சின்னாளபட்டியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மார்கழியிலும் படுத்துத் தூங்கினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கால்சட்டையும் வீட்டுக்கு வீடு தலையணை உறையும் தைத்தார், ஒரு கோட்டு கூடத் தைக்கவில்லை. ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. யாரந்த இரண்டு பேர், அளவு கொடுத்தவர்கள் ஏன் துணி கொண்டு வரவில்லை என்று நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் கூச்சப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான்தான். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பொய் என்று அன்றே எனக்குத் தெரியும் என்பதை அவர் உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்.