சைக்கிள் தூக்கிய தபால்காரர்

தபாலாபீசில் கடிதம் தாமதமாகும், தந்தி தாமதமாகும். படிவம் மட்டும் சொன்ன நாளில் வந்து நிற்கும்.

அநியாயம் நடந்தது தபால்காரர் முனியசாமிக்கு. அவர் வீட்டுச் சைக்கிளைச் சர்க்கார் வேலைக்குக் கொண்டுவரச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. அதற்கு வழி செய்து கொடுத்தது என் பேனா. ஏர்வாடிக்கும் திருப்புல்லாணிக்கும் நடுவே, கடலோர ஊர் ஒன்றின் சின்னத் தபாலாபீசில், பி.ஏ. முடித்து, நாம் படிக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்னால் பத்து மாதம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். சர்க்கார் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டு அப்புறம் முழித்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது.

ஒரே ஒரு 'ஆம்'

'ஊழியரிடம் வாகனம் உண்டா?' என்று ஒரு படிவம் வந்தது. முனியசாமி வீட்டு வேலியில் சைக்கிள் சாத்தியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 'ஆம். சைக்கிள் ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதினேன். 'நல்ல நிலையில்' என்பதை யாரும் கேட்கவில்லை. அது என் சொந்தச் சேர்க்கை.

இரண்டே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. இதுவரை நடந்து போய் நாலு மணிக்குத் திரும்பியவர், இனி சொந்தச் சைக்கிளில் போய் இரண்டரைக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நடவடிக்கை. டயர் கிழிந்தால் யார் பொறுப்பு என்று அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. "இது என்ன நியாயம் சார்? அவர் வீட்டில் ஆட்டுக்கல் இருந்தால் அதையும் கேட்பார்களா?" என்று போஸ்ட்மாஸ்டரிடம் சண்டைக்கு நின்றேன். ஓய்வுக்கு ஒரு வருஷம் மிச்சமிருந்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"பி.ஏ. படிச்ச புள்ளைக்கு 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியலையேம்மா!"

எம்புட்டு ஸ்டாம்பு?

முனியசாமி போகவேண்டிய வழியில் முதல் ஒரு மைல் கப்பி ரோடு. அதற்கப்புறம் கடல்வரைக்கும் மணல். பனைமரங்களுக்கு நடுவே கணுக்கால் புதையும். அதில் சைக்கிள் உருளாது. தள்ளினாலும் போகாது. வழியில் விட்டுப் போனால் உத்தரவை மீறியதாகிவிடும் என்று, தோளில் ஒரு பக்கம் தபால் பை, மறுபக்கம் சைக்கிள் என்று தூக்கிக்கொண்டுதான் போனார். முதல் நாள் அவர் திரும்பியபோது மணி ஐந்து. தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'சைக்கிள்' என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்களாம். அதில் ஒரு பெரியவர் கேட்டதை முனியசாமியே வந்து, துளி வருத்தமில்லாமல், எனக்கு நடித்துக் காட்டினார்:

"ஏலே முனியசாமி, சைக்கிளு யாருக்கு வந்திருக்கு? எம்புட்டு ஸ்டாம்பு ஒட்டிருக்கு?"

இடுப்பில் குடத்தோடு ஒருத்தி

மூன்றாம் நாள் காலையில் கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குடம், தோளில் கைக்குழந்தை. கார்டா, கவரா என்று கேட்டேன். "சைக்கிள எழுதிக் குடுத்தது நீங்கதானா தாயி?" என்றாள். முனியசாமியின் மனைவி பஞ்சவர்ணம்.

அவர்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீருக்கு ஊரணி ஒன்றே கதி. அது ரோட்டோரமாக இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. சைக்கிளில் நாலு குடத்தைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தால் ஒரே நடையில் முடிந்துவிடும். சைக்கிள் தபாலுக்குப் போனதிலிருந்து குடத்துக்கு ஒரு நடை, பிள்ளையையும் சுமந்துகொண்டு. நான் சட்டம், ஒழுங்கு, ஊழியர் கடமை என்று என்னவோ ஆரம்பித்தேன். உத்தரவை எதிர்த்துப் பேசுகிற நானே அதற்கு வக்காலத்து வாங்கியது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்கண்ணன் கொழும்புக்குப் போறப்ப, 'தங்கச்சி, தண்ணிக்கு வச்சுக்க'ன்னு எனக்குக் குடுத்துட்டுப் போன சைக்கிளு அது. எங்க வீட்டுக்காரவுகளுக்கே அது சொந்தமில்ல, சர்க்காருக்கு எப்படித் தாயி சொந்தமாகும்?"

மேப்பில் இருக்கும் ரோடு

கல்லூரி விவாத மன்றத்தில் மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்படி ஒரு வாதம் ஒருநாளும் என் வாயில் வந்ததில்லை. 'வாகனம் ஊழியருடையது அன்று, அவர் மனைவியுடையது. என் முந்தைய பதில் தவறு' என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

விசாரிக்கத் தபால் இன்ஸ்பெக்டர் வந்தார். ராமநாதபுரம் பஸ்ஸில் இறங்கி, ஆபீசுக்குள் நுழைந்து, மேஜைமேல் ஒரு மேப்பை விரித்தார். "சார், ஒரு அரை மைல் என்னோடு நடந்து வாருங்கள், மணலைக் காட்டுகிறேன்" என்றேன். அவர் தம் பளபளக்கும் பூட்ஸை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு மேப்பில் விரலை ஓட்டினார்:

"இங்கன ரோடு போட்டிருக்கேம்மா. மேப்புல இருக்கிறது தரையில இல்லாம எங்க போயிரும்?"

சம்மதம் எங்கே வைப்பது

அடுத்து வந்த தபாலில், 'அவ்வாறாயின், மேற்படி பஞ்சவர்ணத்தின் சம்மதத்தைப் பெற்று அனுப்பவும்' என்று ஒரு தாள். கூடவே டைப் அடித்த சம்மதப் படிவம். அவளை வரச் சொல்லி வரி வரியாக வாசித்துக் காட்டினேன்.

"சம்மதமில்லன்னா எங்கன கைநாட்டு வைக்கணும்?" என்று கேட்டாள். அப்படி ஓர் இடமே அந்தப் படிவத்தில் இல்லை. 'சம்மதிக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'சம்மதமில்லை' என்று எழுதினேன். மையில் கட்டைவிரலைத் தோய்த்து, அடுத்த தாளில் தடம் பதியும்படி அழுத்தினாள். "இது மேலே போனா உன் வேலைக்கே உலை, முனியசாமி. யோசிச்சுக்க" என்றார் போஸ்ட்மாஸ்டர், குரலே எழும்பாமல். முனியசாமி அந்த மை காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ வச்சது வச்சதுதாங்கய்யா. கவர்ல போட்டு ஒட்டுங்க."

கடைசியாக வந்த பதில்

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. முனியசாமி தினமும் சைக்கிளைச் சுமந்தார். பஞ்சவர்ணம் குடத்தைச் சுமந்தாள். நான் தபால் பை பிரிக்கும்போதெல்லாம் கோட்ட ஆபீஸ் கவரைத் தேடினேன். ஒருநாள் வந்தது. போஸ்ட்மாஸ்டர் பிரிக்கப் பயந்து என்னிடம் நீட்டினார். நான் உரக்க வாசித்தேன்:

'தபால்காரர் முனியசாமி தமது பகுதியில் சைக்கிளின்றி நடந்து செல்ல இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார். சைக்கிளுக்கென நிர்ணயிக்கப்பட்ட நேரத்தில் மாற்றமில்லை.'

மணி அப்போது பத்து. இரண்டரைக்குத் திரும்பியாக வேண்டும். முனியசாமி வாசலுக்குப் போய்ச் சைக்கிளைத் துடைத்து, குடம் கட்டுகிற கயிற்றைக் கேரியரில் சுற்றி, ஊரணிப் பக்கம் போகிற ஓர் ஆளிடம் வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். உள்ளே வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நடக்குறதுக்கு உத்தரவு வந்திருச்சு தாயி. அப்படியே ஓடுறதுக்கும் ஒரு மனு எழுதிப் போட்டுருங்க. நான் போயிட்டு வாரேன்."

அந்த மனுவை மட்டும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும்.