பெரியகடையில் ஒரு பகல்

படலைக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக மச்சாள் நின்றதுதான் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது. நீலப் பூப்போட்ட நைலெக்ஸ் சேலை உடுத்து, கொழும்பில் வேலைக்குப் போன காலத்துக் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். ஒழுங்கையில் யாரும் இல்லை. எதிர்வீட்டு ஆடு ஒன்று வேலிக் கிளுவையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மச்சாளின் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாம் இழந்து, அண்ணனும் அவருமாக அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு அண்ணன் ஜெர்மனிக்குப் போய்விட்டார். மச்சாள் சண்டிலிப்பாயில் அம்மாவோடும் என்னோடும் தங்கினார். வந்த நாளிலிருந்து அவர் படலையைத் தாண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்குக்கூட வரமாட்டார். கேட்டால், "தலையிடிக்குது, நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். மேளச் சத்தம் ஒழுங்கை வழியாக வரும்போது உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொழும்பில் என்ன நடந்தது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எண்பத்தாறின் கடைசியில் அண்ணன் அவரைக் கூப்பிட ஒழுங்கு செய்துவிட்டார். கொழும்புக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து விமானம் ஏறவேண்டும். அந்தச் செய்தி வந்ததிலிருந்து மச்சாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள், நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தார்.

"யாழ்ப்பாண ரவுணுக்கே போகேலாதவள் எப்பிடி ஜெர்மனிக்குப் போறது? என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போம்."

"என்ன வாங்கவேணும் மச்சாள்?"

"ஒண்டும் வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் முழுக்கச் சுத்தவேணும். சேலைக்கடை பாக்கவேணும், கடையிலை சாப்பிடவேணும், ஐஸ்கிறீம் குடிக்கவேணும், கடலைப் பாக்கவேணும். கொழும்பிலை சனிக்கிழமையிலை நாங்கள் அப்பிடித்தான் செய்வம். புறக்கோட்டையிலை துணி பாத்துப்போட்டு, பின்னேரம் காலிமுகத்திடலிலை நடப்பம்."

கடலைப் பார்ப்பது நடக்காது என்று சொன்னேன். பண்ணைக் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் கோட்டை இருந்தது. கோட்டைக்குள் ஆமி, வெளியே சுற்றிவர இயக்கப் பெடியள். கோட்டையிலிருந்து நினைத்த நேரத்தில் ஷெல் அடிப்பார்கள். அது ரவுணுக்குள்தான் விழும். இருந்தாலும் சனம் ரவுணுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நானும் சம்பளம் எடுத்த கையோடு போய்வருவேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஷெல் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டிருந்தேனே தவிர பக்கத்தில் விழக் கண்டதில்லை. அதனால் பயமென்று ஒன்று என்னிடம் இருக்கவில்லை.

மினிவானில் மச்சாள் யன்னல் பக்கம் இருந்தார். மானிப்பாயில் ஆட்கள் ஏற ஏற அவர் என் கையை இறுக்கிக்கொண்டே வந்தார். ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். யாராவது எதையாவது வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இறங்கும்போது கொண்டக்டர் பொதுவாக எல்லோருக்கும் சொன்னான்: "காலமை ரெண்டு ஷெல் அடிச்சவங்கள். அலுவலை முடிச்சுக்கொண்டு கெதியா வாங்கோ."

மச்சாள் என்னைப் பார்த்தார். திரும்பிப் போவோமா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார்.

அந்தப் பகலின் முதற்பாதி நன்றாகவே போனது. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். சைவக்கடையில் தோசையும் உழுந்து வடையும் சாப்பிட்டோம். சம்பல் உறைப்பில் மச்சாளுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது, சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதும் சுவரோடு முதுகு சாய்ந்திருக்கிற மாதிரியான இடத்தில்தான் இருந்தார், கண் வாசலில் இருந்தது. கடையில் இருந்த மற்றவர்களும் முழுதாகச் சாப்பாட்டில் இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். கதைத்துக்கொண்டிருக்கிறவர் ஒரு கணம் நிறுத்துவார், காது கோட்டைப் பக்கம் போகும், பிறகு விட்ட இடத்திலிருந்து கதைப்பார். சர்வர் தேத்தண்ணியை மேசையில் வைத்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் திடுக்கிட்டார். நானும் இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருப்பேனோ என்று நினைத்தேன்.

பெரியகடைச் சந்தைத் தெருவுக்குள் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நிலத்துக்குள் யாரோ உலக்கையால் குத்தியது போல ஒரு சத்தம். ஷெல் புறப்படுகிற சத்தம் அது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் குனிந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. நான் மச்சாளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. தெரு நடுவில், சனம் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தபடி, வாய் திறந்து நின்றார். அவ்வளவுதான் நான் கண்டது. ஆட்கள் எங்கள் இருவருக்கும் இடையில் புகுந்தார்கள், கை நழுவிப்போனது, என்னை யாரோ தள்ளிக்கொண்டு போய் ஒரு பாத்திரக் கடைக்குள் விட்டார்கள்.

விசிலடிப்பது போல ஒரு இரைச்சல் தலைக்கு மேலால் போனது. பிறகு வெடித்தது. தட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் மேலே விழுந்து உருண்டன. காது அடைத்துவிட்டது. கடைக்காரர் எதையோ சொல்கிறார், வாய் அசைகிறது, கேட்கவில்லை. நான் எழும்பி வாசலுக்குப் போகப் பார்த்தேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிலத்தில் இருத்தினார். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதற்குக் காத்திருந்தபோதுதான் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. பற்கள் தாமாக அடித்துக்கொண்டன. தெரு நடுவில் வாய் திறந்து நின்ற மச்சாளைப் பற்றி அண்ணனுக்கு எப்படி எழுதுவேன் என்று, அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சந்தைக்குப் பின்பக்கம் எங்கேயோ விழுந்தது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. வெளியே வந்தேன். தெருவில் சைக்கிள் ஒன்று விழுந்து அதன் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. சாக்கிலிருந்து கத்தரிக்காய்கள் கொட்டிக் கிடந்தன. ஆஸ்பத்திரிப் பக்கமாக ஒரு வான் ஹோர்ன் அடித்தபடியே போனது, பின்கதவால் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சேலை தெரிகிறதா என்று பார்த்தேன். ஆண்கள் கட்டும் சாரம் என்று கண்டதும் எனக்கு வந்த ஆறுதலை இன்றும் என்னால் யாருக்கும் விளக்க முடியாது.

மச்சாள் எதிரிலிருந்த புடவைக்கடைக்குள், துணி வெட்டுகிற மேசைக்குக் கீழே இருந்தார். அவரை அணைத்துக்கொண்டு தடித்த ஒரு பெண் இருந்தார், கழுத்தில் செபமாலை. குருநகர்க்காரி. மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும்போது போடும் சட்டைக்கு வெள்ளைத் துணி வாங்க வந்தவராம். மச்சாளைத் தெருவிலிருந்து இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். முதலிரண்டு ஷெல்லுக்கும் இடையில் மச்சாளின் கையில் அந்தத் துணியைக் கொடுத்து, "பிள்ளை, நிலத்திலை படாமல் பிடியும். ஊத்தையாப் போடும்" என்றிருக்கிறார். நான் பார்த்தபோதும் மச்சாள் இரண்டு கைகளையும் உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். துணியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"இவ உங்கடை ஆளோ?" என்று கேட்டார் அந்தப் பெண். "ஓம்" என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

வீட்டுக்குப் போவோம் என்றேன். மச்சாள் மறுத்துவிட்டார். "ஐஸ்கிறீம் குடிச்சுப்போட்டுத்தான் போறது." கூல்பாரின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது, பையன் ஒருவன் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மேசையைத் துடைத்துவிட்டான். என் கரண்டி கண்ணாடிக் கோப்பையில் பட்டுக் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. மச்சாள் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார். அப்போதுதான் சொன்னார்.

"கலவரத்தண்டைக்குக் கந்தோர் வேலை முடிஞ்சு வரேக்கை றோட்டிலை மறிச்சாங்கள். பேர் கேட்டாங்கள். ஒரு சிங்களப் பேர் சொன்னன், விட்டிட்டாங்கள். எனக்குப் பின்னாலை வந்த மனிசனையும் கேட்டாங்கள். அந்தாள் சொந்தப் பேரைச் சொல்லிப்போட்டுது. நான் திரும்பிப் பாக்கேல்லை. சத்தம் மட்டும் கேட்டுது."

தன் கோப்பையைக் கரண்டியால் வழித்தெடுத்தார்.

"இண்டைக்கும் சனம் ஓடிவந்தவுடனை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அந்த மனிசி என்னைத் தூக்கேக்கையும் அடிக்கத்தான் போறா எண்டு நினைச்சன். அவ என்ரை பேரைக் கேக்கவே இல்லை."

என் ஐஸ்கிறீம் உருகிவிட்டது. மச்சாள் அதையும் குடித்தார்.

அடுத்த மாதம் மச்சாள் கொழும்பு பஸ்ஸில் ஏறினார். ஆனையிறவு ஆமி முகாமில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று தெரிந்துதான் ஏறினார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை அம்மா கோயிலில் கிடந்தார்.

நான்தான் பிறகு ரவுணுக்குப் போகவில்லை. சம்பளச் செக்கை மாற்றச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். கதவு அடித்தால் நிலத்தில் இருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகை அழிகட்டையை விழுத்தினால் பாதி வசனத்தில் நிறுத்திக் காது கொடுப்பேன். பிறகு வந்த வருடங்களில் ஹெலியும் பொம்பரும் வந்தன. தொண்ணூற்றைந்தில் எல்லோரோடும் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தேன். அவை எல்லாவற்றையும்விடப் பெரியகடையில் மூன்றாவது ஷெல்லுக்குக் காத்திருந்ததுதான் என் உடம்பில் தங்கிவிட்டது.

போன வருடம் மச்சாள் மகளோடு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் யாழ்ப்பாணத்தில் எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று ஃபோனில் பார்த்துப் பார்த்து எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தாள். மச்சாள் சனத்துக்குள் முன்னால் நடந்தார். பனங்கட்டி விலை பேசினார், தெரியாத ஆட்களோடு நின்று கதைத்தார். ஆஸ்பத்திரி வீதியில் ஏதோ கலியாண ஊர்வலத்துக்குச் சீனவெடி கொளுத்தினார்கள். கண் திறந்தபோது நான் தெருவோரத்தில், இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். அறுபது வயது தாண்டிய ரீச்சர். இரண்டு மாணவிகள் நின்று பார்த்தார்கள்.

மகள் பதறிப்போய் என்னைத் தூக்க வந்தாள். மச்சாள் அவளைத் தடுத்தார். தன் கைப்பையை நிலத்தில் வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தத் தெருவோரத்தில் எனக்குப் பக்கத்தில் மெல்ல இருந்தார்.

"ஆறுதலா எழும்பலாம்," என்றார். "ஐஸ்கிறீம் கடை இப்ப பூட்டமாட்டாங்கள்."