மஞ்சள் பொட்டு வாங்கிய சைக்கிள்கள்

சைக்கிள் கடைக்கு வருகிற எவரும் தன் சைக்கிள் கெட்டுப்போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதில்லை. "சும்மா ஒரு சத்தம் வருது, இன்னான்னு பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர்கள், சட்டை தைப்பவர்கள், பல் பிடுங்குபவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

வில்லியனூரில் எனக்குச் சைக்கிள் கடை. ரிப்பேரும் உண்டு, வாடகை சைக்கிளும் உண்டு. எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பங்கு ஊர்களிலிருந்து ஆகஸ்டு மாதம் நாற்பது பேர் போல வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போவார்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று ஏறக்குறைய நூறு மைல். இரண்டு நாளில் போய்ச் சேர்ந்து, கொடியேற்றம் பார்த்துவிட்டு, திரும்பும்போது சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு வருஷம் கொள்ளிடம் பாலத்தில் ஒருவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் உடைந்து, அவருக்கு முன்பல் மூன்று போயிற்று. அடுத்த வருஷம் எனக்கு வினை வந்தது.

யாத்திரைக் குழுவின் செக்ரட்டரி சவரிமுத்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. எதையும் டைப் அடித்து நோட்டீஸாக ஒட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அந்த வருஷ நோட்டீஸில், எல்லாச் சைக்கிளையும் என் கடையில் காட்ட வேண்டும், என் அடையாளம் இல்லாத சைக்கிள் வரிசையில் சேராது என்று அடித்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நெற்றியில் பட்டை போடுகிற ஆள், உங்கள் யாத்திரையில் எனக்கென்ன வேலை என்று போய்க் கேட்டேன். "அதுக்குத்தாங்க உங்களப் போட்டது. எங்க ஆளா இருந்தா மச்சான், மாமன்னு எல்லாத்தையும் பாஸ் பண்ணி உட்டுடுவான்" என்றார்.

ரிப்பன்

முதல் நாள், தேறிய சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பினேன். காலையில் ஒரு பச்சை சைக்கிள் வந்தது. நல்ல டயர், நல்ல செயின். ஒரு ஸ்போக் மட்டும் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு வேறொருவர் ஒரு பச்சை சைக்கிளோடு வந்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. மத்தியானம் மூன்றாவது ஆள் வந்தபோது, பின்சக்கரத்தில் ஒரே ஒரு ஸ்போக் மட்டும் புதுசாகப் பளபளத்தது. ஊரில் இருக்கிற ஒரு நல்ல சைக்கிளைப் பிடித்து ஆளுக்கொரு தடவை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ரிப்பனை அவிழ்த்துப் போய்த் தங்கள் ஓட்டைச் சைக்கிளில் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்தச் சைக்கிள் இன்றைக்கு மூன்றாவது தடவை வருகிறது என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அப்போ உங்களுக்கு நல்லா பழகின சைக்கிள்தான அண்ணே, சட்டுனு கட்டி உடுங்க" என்றார்.

வெல்வெட் உறை

மறுநாளே ரிப்பனை விட்டுவிட்டு, பின் மட்கார்டில் மஞ்சள் பெயிண்டால் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். அதை அவிழ்க்க முடியாது. அன்று வந்த முதல் ஆள் லூர்துசாமி. அரியூர்ப் பக்கத்துக்காரர். டவுனில் ஒரு மில்லில் வேலை, தினமும் சைக்கிளில்தான் போய் வருவார். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. நடு பாருக்குச் சிவப்பு வெல்வெட் உறை, ஹப்பில் கலர் குஞ்சம். ஒன்பது வருஷமாகியும் நேற்று மணவறையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் இதே சைக்கிளில் வேளாங்கண்ணிக்கு வருவதாக வேண்டுதல். இந்த ஆகஸ்டை விட்டால் வயது தாண்டிவிடும். வேண்டுதல் தப்பினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் வேறு எதைப் பற்றியும் அவர் யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

உறையின் பட்டன்களைக் கழற்றினேன். ஹேண்டில் கழுத்தோடு பார் சேர்கிற மூட்டில் முடியளவு ஒரு கோடு. துருவைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது. விரிசல்தான். லூர்துசாமி குனிந்து தானும் நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "நீங்க தொறக்காம இருந்திருந்தா இது வந்திருக்குமா அண்ணே?" என்றார்.

வண்டி மசை

பாகூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். சைக்கிளைத் தானே பிரித்து ஓவராயில் செய்து கொண்டுவந்ததாகப் பெருமையாகச் சொன்னார். சக்கரத்தைச் சுற்றினால் அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம். ஹப்பைத் திறந்தேன். உள்ளே கரேலென்று ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மசை. அதிலிருந்த சாம்பல் பேரிங் பால்ஸ் எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது.

கிரீஸ் போட வேண்டிய இடத்தில் இதைப் போடலாமா என்று கேட்டேன். எனக்குத் தொழில் தெரியவில்லை என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "மூணு தலமொறையா எங்க வண்டி இதுலதான் ஓடுது. மாடு ஒரு நாளு ஒரு வார்த்த சொன்னது கெடையாது."

டவுன் வெல்டிங் கடை

வேறு சைக்கிளில் போங்கள் என்று லூர்துசாமியிடம் நயமாகவும் சொன்னேன், கோபித்தும் சொன்னேன். வேண்டுதல் அந்தச் சைக்கிளுக்கு என்று ஒரே பிடியாக நின்றார். பத்தவைத்தாவது பார்க்கலாம் என்று டவுனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வெல்டிங் கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். மூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். முடித்துவிட்டு லூர்துசாமியை விட்டு என்னைத் தனியாக அழைத்தார். "மில்லுக்குப் போவலாம். வேளாங்கண்ணிக்குப் போனா பத்தவச்சது யாருன்னு என் பேர மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

உப்பு தின்ற ரிம்

நல்லவாட்டிலிருந்து ஒரு மீன்காரர். கேரியரில் கூடை கட்டிக் கட்டி, ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டி, பின்சக்கர ரிம் அப்பளமாகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இதற்குப் பொட்டு வைக்க முடியாது, ரிம் மாற்றுங்கள் என்றேன். "கடலுக்குப் போற படகை இப்டி அமுக்கி அமுக்கிப் பாத்துக்கினு இருந்தா ஊர்ல எவனும் மீன் துன்ன முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினார்.

பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் மதகடிப்பட்டு வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும் என்று செக்ரட்டரி இன்னொரு நோட்டீஸ் ஒட்டினார். கால் பழக வேண்டுமாம். முதல் ஞாயிறு போனதைப் பார்த்தேன். மணியடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, ஊர்வலம் போல இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து விழுப்புரம் பஸ் என் கடைக்கு எதிரே நின்றது. மேலே ஏழு சைக்கிள்கள். எல்லாவற்றிலும் என் மஞ்சள் பொட்டு. உள்ளேயிருந்து ஏழு பேர் வடை வாசனையோடு இறங்கினார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல். சைக்கிள் நான் பார்த்துக் கொடுத்துவிட்டேன், காலை யார் பார்த்துக் கொடுப்பது? அந்த ஏழு பேரில் மூத்தவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "போறதுக்குத்தான அண்ணே பயிற்சி? வரும்போது எப்படியும் லாரிதான?"

சாமியார் தள்ளிவிட்ட கேள்வி

லூர்துசாமிக்கு ஒரு யோசனை தோன்றியது. விரிசல் விட்ட பிரேமை மட்டும் மாற்றிவிட்டு ஹேண்டில், சீட்டு, சக்கரம் எல்லாம் பழையதையே போட்டால் அது அதே சைக்கிள்தானே? செக்ரட்டரியைக் கேட்டார். அவருடைய நோட்டீஸில் இதற்கு இடமில்லை. பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் சிரித்துவிட்டு, வேண்டுதல் பற்றி நான் சொல்கிறேன், எது சைக்கிள் என்று சைக்கிள் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆக, மாதாவுக்குச் செய்த வேண்டுதலுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன். "அதே சைக்கிள்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இன்றைக்கும் ஏன் சொல்லவில்லை என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனால் தொழில் புத்தி முந்திக்கொண்டது. சைக்கிளின் நம்பர் பிரேமில்தான் அடித்திருக்கிறது, பில்லில் இருப்பதும் அந்த நம்பர்தான், மற்றதெல்லாம் சட்டை வேட்டி மாதிரி மாற்றிக்கொள்வது, பிரேம் போனால் சைக்கிள் போயிற்று என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். லூர்துசாமி தலையை ஆட்டினார். கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்போ இதுலயே போறேன் அண்ணே. உங்க பொட்டு வேணாம். வரிசைக்குப் பின்னால தனியா வந்துக்கறேன்."

ஞானம்மா

 விரிசல் இருப்பது தெரியும், அது எந்த இடத்தில் விட்டுப்போகும் என்பதுதான் தெரியாது. பின்னால் ஏதாவது லாரி வருகிற நேரமாக இருந்தால்? கண்ணை மூடினால் கொள்ளிடம் பாலம்தான் தெரிந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, இடுப்பில் குழந்தையோடு லூர்துசாமியின் மனைவி ஞானம்மா கடைக்கு வந்தாள்.

"வேண்டிக்கினது நானு அண்ணே" என்றாள். "வலி வந்தப்போ, 'என் வூட்டுக்காரர சைக்கிள்ல அனுப்பறேம்மா'ன்னுதான் சொன்னேன். எங்கப்பா குடுத்த சைக்கிள்லயேன்னு அவராத்தான் சேத்துக்கினாரு. எங்கப்பா நாலு பேருகிட்ட சொல்லி சந்தோஷப்படட்டும்னு." இதை அவரிடமே சொல்வதுதானே என்றேன். சொன்னாளாம். வேண்டுதலைப் பாதியில் மாற்றக் கூடாது என்றாராம். குழந்தை என் பெயிண்டு டப்பாவைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவள் அதன் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் வேண்டிக்கினது அவரு போய்ச் சேர்றதுக்கு. சைக்கிள் போய்ச் சேர்றதுக்கு இல்ல."

சாவி

மறுநாள் விடிந்ததும் கோயில் வாசலில் நாற்பது சைக்கிள்களும் வரிசையாக நின்றன. நான் என் வாடகைச் சைக்கிள்களில் திடமான ஏழாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு போனேன். பெரிய உபாயமெல்லாம் யோசித்து வைக்கவில்லை. கெஞ்சலாம் என்றுதான் நினைத்திருந்தேன். லூர்துசாமி வரிசையை விட்டுத் தள்ளி, வெல்வெட் உறையை மறுபடி மாட்டிய சைக்கிளோடு தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமியார் ஜெபம் சொல்லிச் சைக்கிள்களை மந்திரிக்க வெளியே வந்தார். எல்லோரும் தலை குனிந்த நேரத்தில் ஞானம்மா போய்ச் சைக்கிளின் பூட்டை அழுத்தினாள், சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்பது பேர் நடுவில் லூர்துசாமி மனைவியின் இடுப்பில் கை வைக்கவா முடியும்?  மந்திரித்து முடிந்தது. செக்ரட்டரி விசில் ஊதினார். லூர்துசாமி கடைசியில் என் பக்கம் வந்து ஏழாம் நம்பரின் ஹேண்டிலைப் பிடித்தபோது, ஞானம்மா சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஏறு. நான் சொன்ன சைக்கிளு இதுதான்."

ஏழாம் நம்பர்

ஐந்தாம் நாள் லாரி வந்தது. எல்லோரும் பத்திரம். பஞ்சர் பதினொன்று, செயின் இரண்டு, அவ்வளவுதான். லூர்துசாமி ஏழாம் நம்பரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். பெடல் கொஞ்சம் இறுக்கம் என்றார். கோபம் தணிந்துவிட்டதா என்று தெரியவில்லை. போகத் திரும்பியவர் நின்றார்.

"மாதா முன்னால நின்னு உள்ளத சொல்லிட்டேன் அண்ணே. 'நான் சொன்ன சைக்கிளு வேற, வந்த சைக்கிளு வேற. கேக்கறதா இருந்தா வில்லியனூர்ல சைக்கிள் கட வச்சிருக்காரு, நெத்தியில பட்ட போட்டிருப்பாரு, அவரக் கேட்டுக்க. என் கொழந்தைய மட்டும் உட்டுடு'ன்னு சொல்லிட்டேன்."

எங்கள் தொழிலில் பஞ்சருக்குக்கூட கேரண்டி கிடையாது; நான் ஆயுசில் கொடுத்த ஒரே கேரண்டி இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், அவள் தும்மினால் லூர்துசாமி முதலில் என் கடைக்குத்தான் வருகிறார்.