ஜெயபாரதியின் புள்ளிக் கூட்டம்

அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்த ஜெயபாரதிக்கு இரண்டு குணங்கள் உண்டு. யாரைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டதை இன்னொருவரிடம் மூச்சுவிடமாட்டாள். முதல் குணம் பிறந்த வீட்டுச் சீதனம். இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று அவளைப் பெற்றவளுக்கே விளங்கவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கென்றே ஒரு வேலை 2009-ஆம் வருஷம் அவளைத் தேடி வந்தது.

கணவன் அருள்முருகன் புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அங்கேயே கேம்ப்பில் தங்கிக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலம் ஷார்ஜா வந்து சேருவான். மற்ற நாட்களில் வீட்டில் அவளும் டி.வி.யும்தான். "சுவத்துல எத்தனை பல்லி இருக்குன்னு இப்ப எனக்கு மனப்பாடம்ங்க" என்று அவள் ஒருநாள் சொன்னதைக் கேட்டு மனசு சங்கடப்பட்டு, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பழக்கமான சேதுமாதவனிடம் பேசினான். சேதுமாதவன் தொழில்பேட்டையில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியின் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். சட்டையில் சுருக்கம் விழுந்தால் காய்ச்சல் கண்டவர்போல் ஆகிவிடுவார்.

"உங்க மிசஸ்ஸ அனுப்புங்க. இப்பதான் புதுசா ஒரு சிஸ்டம் வாங்கியிருக்கோம். உக்காந்து பாத்துட்டே இருந்தாப் போதும்" என்றார்.

உண்மையிலேயே பார்த்துக்கொண்டே இருக்கும் வேலைதான். டிரைவர் ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒரு போன் கொடுத்திருந்தது. அந்தப் போன் போகிற இடமெல்லாம் ஜெயபாரதியின் கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளியாக நகரும். எந்த லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, எங்கே தண்ணீர் தீர்ந்துபோய் வாடிக்கையாளர் கத்துகிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அனுப்பிவைக்க வேண்டும்.

ஒரே மாதத்தில் அவளுக்குப் புள்ளிகள் சொந்தக்காரர்களாகிவிட்டன. கீழக்கரை முகம்மது சித்தீக்கின் புள்ளி எறும்புபோல நேர்கோட்டில் போகும். தொழுகை நேரத்தில் மட்டும் எங்காவது ஒரு பள்ளிவாசலில் நிற்கும். வைரவனின் புள்ளி ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குத்தான் பயணமே போகும். பெஷாவர்க்காரர் குல் கானின் புள்ளி ரவுண்டானாவுக்கு வந்தால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும்.

எல்லாரிலும் அவளுக்குப் பிடித்த புள்ளி உடையப்பனுடையது. காளையார்கோவில் பக்கத்து ஆள். கேனைத் தோளில் வைத்தால் தலையணை வைத்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு உடம்பு. நினைத்தபோதெல்லாம் ஆபீசுக்குப் போன் அடிப்பார்.

"தங்கச்சி, இப்ப நான் எங்க இருக்கேன், சொல்லு பாப்போம்?"

"அஜ்மான் மீன் மார்க்கெட் பின்னாடி."

"அட, ஆமாம்ப்பா! சரி, கையில என்ன வச்சிருக்கேன்?"

"அது தெரியாதுண்ணே."

"சமோசா. அதையாவது தெரியாம வச்சிருக்கானே கம்பெனிக்காரன், அந்த மட்டுக்கும் புண்ணியம்."

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உடையப்பனுக்குக் கிழக்குக் கரை ரூட் கொடுக்கும்வரை. கோர்ஃபக்கான், புஜைரா பக்கம் மலையும் கடலும் நெருக்கிக்கொண்டு வரும். அந்த மலைக்குள்ளே ஓமன் நாட்டுத் துண்டு ஒன்று தனியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒருநாள் நம் ஆள் அங்கே சாலையோரம் லாரியை நிறுத்திச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். கம்பெனி வாங்கியிருந்த மலிவுப் போன் மலை மறைத்தால் வானத்துச் சாட்டிலைட்டைப் பார்க்காது. எந்த டவர் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அது ஓமன் டவரைப் பிடித்தது. 'ஓமன் உங்களை வரவேற்கிறது' என்று உடையப்பனுக்கு மெசேஜ் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மீன் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஷார்ஜாவில் சேதுமாதவன் பார்த்துவிட்டார். அவர் மேஜையிலும் ஒரு திரை உண்டு.

"ஜெயபாரதி! உடையப்பன் நாட்டை விட்டே போயிட்டான்!"

"இல்ல சார், அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் பேசினேன்."

"அவன் சொல்றது முக்கியமா, சிஸ்டம் சொல்றது முக்கியமாம்மா? வண்டியோட ஓடிட்டான். கம்ப்ளைண்ட் குடுத்தா விசாவே போயிடும் தெரியுமில்ல?"

ஓடிப்போனவர் சாயங்காலம் காலி கேன்களுடன் திரும்பி வந்து, ஆபீஸ் வாசலில் வெற்றிலையைத் துப்பலாமா விழுங்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அவரை நேரில் பார்த்த பிறகும் சேதுமாதவனுக்குச் சமாதானம் ஆகவில்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டியதற்குச் சம்பளத்தில் பிடித்தம் போட்டார். அடுத்த வாரமும் அதே இடம், அதே ஓமன், அதே பிடித்தம். "சாமி, பாஸ்போர்ட்டு உங்க அலமாரியில, நான் எப்பிடி ஓமனுக்குப் போவேன்?" என்று உடையப்பன் கேட்டார். நியாயமான கேள்வி.

அது மட்டுமா? டூட்டி முடிந்தாலும் போனை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. வெள்ளி விடுமுறை முடிந்து, சனிக்கிழமை காலையில் மேனேஜர் ஆட்களை நிறுத்திக் கேட்பார்: "வெள்ளிக்கிழமை பூரா ரோலா கடைத்தெருவுல சுத்துறதுக்குத் தெம்பு இருக்கு, இன்னிக்கு ஒரு ட்ரிப் கூடப் போறதுக்கு இல்லையா?" யார் எந்த ரூமுக்குச் சீட்டாடப் போனார், யார் யாருடன் கடற்கரையில் உட்கார்ந்தார், எல்லாம் அவர் வாயில் வரும். ஆட்கள் ஜெயபாரதியை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைப்பு. வைரவன் இரண்டு நாள் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே என்று இருந்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தனியாக டாக்சி பிடித்து ஒரு மகப்பேறு கிளினிக்குக்குப் போனாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து நாள் தள்ளிப்போயிருந்தது. டாக்டரம்மா உறுதி செய்தாள். ஜெயபாரதி அழுதாள், சிரித்தாள், கீழே இறங்கி ஒரு மாதுளம் ஜூஸ் குடித்தாள். புருஷனுக்குப் போனில் சொல்லக் கூடாது, வியாழக்கிழமை வாசலில் நிற்கவைத்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். அடக்கிவைப்பதுதான் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே.

மறுநாள் காலை சேதுமாதவன் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"கங்கிராட்ஸ் ஜெயபாரதி!"

"எதுக்கு சார்?"

"எங்கிட்டயேவா மறைக்கறீங்க! கிளினிக்குல ரெண்டு மணி நேரம் இருந்தீங்களே. நேத்தே எங்க வீட்டம்மா வசந்தாகிட்ட சொன்னேன். அவ குங்குமப்பூ வாங்கி வச்சிருக்கா. அருள்முருகனுக்கும் ராத்திரியே போன் போட்டு வாழ்த்துச் சொல்லிட்டேன்."

ஜெயபாரதிக்குக் காதுக்குள் குக்கர் விசில் அடித்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கும் கொடுத்திருந்த கம்பெனி போனைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு அவர் மேஜைத் திரையை எட்டிப் பார்த்தாள். அங்கே, அவளுடைய திரையில் ஒருநாளும் தெரியாத ஒரு புள்ளி, ரோஜா நிறத்தில், சரியாக அவளுடைய ஆபீஸ் இருக்கும் இடத்தில் நின்றது.

அவள் போன் செய்வதற்குள் அருள்முருகனே கூப்பிட்டான். குரல் தழுதழுத்தது, சந்தோஷத்திலா கோபத்திலா என்று பிரிக்க முடியவில்லை. "ஏன் பாரதி, எம் புள்ள வரப்போற சேதிய தண்ணி கம்பெனி மேனேஜர் சொல்லித்தான் நான் கேக்கணுமா? ராத்திரி பூரா தூங்கல. ஒனக்கு எம்மேல என்ன வருத்தமோன்னு..."

"ஐயோ, வருத்தமெல்லாம் இல்லைங்க. வாசல்ல நிக்கவச்சு சொல்லணும்னு இருந்தேன். பாவி மனுசன் முந்திக்கிட்டாரு."

அன்று மதியம் லாரிகள் நிற்கும் ஷெட்டுக்கு அவளே போனாள். டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ரோஜா நிறப் புள்ளியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். வைரவன் எழுந்து முன்னால் வந்தான்: "அப்ப நீங்களும் எங்க கூட்டந்தானா? தெரியாமப் போச்சே. மன்னிச்சுக்கங்க மேடம்."

"அமெரிக்காவுல எங்க சித்தப்பா மகன் இருக்கான்" என்றாள் ஜெயபாரதி. "சாட்ல சொன்னான். ஒரே மாதிரி அநியாயம் பல பேருக்கு நடந்தா, ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து கேஸ் போடலாமாம். கிளாஸ் ஆக்‌ஷன்னு பேரு."

உடையப்பன் தலையைச் சொறிந்தார். "நான் அஞ்சாங் கிளாசோட நின்னவனாச்சே தங்கச்சி. என்னையச் சேத்துக்குவாங்களா?"

"இங்க அந்தச் சட்டம் இல்லைண்ணே. ஆனா லேபர் ஆபீசுல எல்லாரும் ஒண்ணாப் போயி நிக்கலாம். தனித்தனியாப் போனாத்தான் ஒவ்வொருத்தரா அனுப்பிருவாங்க."

பயம் இல்லாமல் இல்லை. விசா கம்பெனி கையில். ஊரில் ஆளாளுக்கு ஒரு குடும்பம். குல் கான்தான் மீசையைத் தடவிக்கொண்டு, "பாய், லாரி எல்லாம் ஒரே இடத்தில் நின்றால் தண்ணீர் யார் கொண்டுபோவது? அர்பாப் எத்தனை பேரை அனுப்புவார்?" என்று இந்தியில் கேட்டார். அர்பாப் என்றால் முதலாளி. அந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. அந்த வாரமே எல்லாரும் ஒரே புகாரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

விசாரணை நாளன்று லேபர் ஆபீசில் அவர்கள் நுழைந்தபோது கல்யாண கோஷ்டி வந்த மாதிரி இருந்தது. கறுப்பு அபாயா அணிந்த அதிகாரி அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "புகார் யாருடையது?" என்று இந்தியில் கேட்டாள். எல்லாக் கைகளும் மேலே போயின. உடையப்பன் இரண்டு கையையும் தூக்கினார்.

சேதுமாதவன் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்திருந்தார். "மேடம், போன் கம்பெனியுடையது. எங்கே இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு. டிரைவர் ஓமனுக்குப் போகிறார்" என்றார். அதிகாரி அம்மாள் நாற்காலியிலிருந்தே எழுந்து நின்றாள். "கோர்ஃபக்கான் பக்கம்தானே? என் அம்மா வீடு அங்கேதான். சமையலறையில் இருந்தால் எமிரேட்ஸ், கொல்லையில் துணி காயப்போட்டால் ஓமன் மெசேஜ் வரும். நான் எத்தனை தடவை நாட்டை விட்டு ஓடியிருப்பேன்!"

சிரிப்பு அடங்குவதற்குள் அர்பாப் வந்தார். பருத்த, நல்ல மனுஷன். இதில் என்ன தகராறு என்றே அவருக்குப் புரியவில்லை. எல்லாரையும் சமமாகத்தான் நடத்துகிறேன் என்று நிரூபிக்கத் தன் லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "பாருங்கள், என்னிடம் பாரபட்சம் கிடையாது. டிரைவரும் ஒன்று, ஆபீஸும் ஒன்று. என் மேனேஜரைக்கூட வைத்திருக்கிறேன். இதோ, நீலம்!"

சேதுமாதவன் குனிந்து பார்த்தார்.

"நல்ல மனிதன்" என்று அர்பாப் பாசத்தோடு தொடர்ந்தார். "தினமும் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவார். தூங்கிவிட்டுச் சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் வருவார். நான் ஒன்றும் சொன்னதில்லை. வயதாகிறது, பாவம்."

சுருக்கமில்லாத சட்டைக்கு மேலே சேதுமாதவனின் முகம் மாத்திரம் கசங்கிப்போயிற்று. இத்தனை நாளாக மீட்டிங் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். ஜெயபாரதி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த விதத்தில் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குங்குமப்பூச் சேதி கேட்ட அன்று தானும் அப்படித்தான் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில், மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் புகார்ல... நானும் சேந்துக்கலாமா?"

"வாங்க சார், எடம் இருக்கு" என்று உடையப்பன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். நகர்ந்தும் பெரிய இடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதிகாரி அம்மாள் தீர்த்துவைக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. டூட்டி நேரத்தில் லாரி எங்கே என்று பார்க்கலாம். டூட்டி முடிந்தால் போன் ஆபீஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை அவரவருக்குச் சொந்தம். பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "கலாஸ், முடிந்தது" என்று பேனாவை மூடினாள். அர்பாப் எல்லாருக்கும் டீ சொன்னார். தான் தோற்றோமா ஜெயித்தோமா என்று கடைசிவரை அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஜெயபாரதி பிரசவ லீவு எடுக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தாள். சேதுமாதவன் அதற்குப் பிறகு ஆட்களின் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்செடுத்ததே இல்லை. மத்தியானத்தில் மேஜையிலேயே கன்னத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். யாரும் எழுப்பமாட்டார்கள். வசந்தா கொடுத்தனுப்பிய குங்குமப்பூவை ஜெயபாரதி வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் வேறு, குங்குமப்பூ வேறு.

வயிறு தெரியத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, அருள்முருகன் நண்பரின் காரை வாங்கிக்கொண்டு அவளைக் கடல் பார்க்க அழைத்துப் போனான். வீட்டைப் பூட்டும்போது இருவரும் பேசிவைத்துக்கொண்டதுபோலப் போன்களை ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டார்கள். மலைப்பாதையில் வழி தவறியது. ஓர் ஒட்டகம், ஒரு பழுதான தண்ணீர்த் தொட்டி, மறுபடியும் அதே ஒட்டகம்.

"இடதுபக்கம்னு சொன்னேன்ல" என்றாள் அவள்.

"சொல்லவே இல்ல நீ."

"சொன்னேன். மனசுக்குள்ள."

இருவரும் ஒரு பேரீச்சை மரத்தடியில் காரை நிறுத்தி, கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தார்கள். ஒட்டகமும் கூட வந்து நின்றுகொண்டது.